டாலாவில் ஒரு கணக்கு வகுப்பு

என் ஆபோ சோமாலியாவில் பிறந்தவர். அப்பாவை அவர்கள் மொழியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை பார்த்துவந்தவரை மஞ்சள் காமாலை என்று ரங்கூன் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். கப்பல் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த தமிழ் முஸ்லிம் குடும்பத்திலேயே பெண்ணைக் கட்டிக்கொண்டு, க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மோட்டார் பழுதுபார்க்கும் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை.

ஆப்பிரிக்கர்களைப் பர்மாக்காரர்கள் ‘கப்பலி’ என்பார்கள். கப்பலில் வந்தவர் என்பதற்கான தமிழ்ச் சொல் அது என்று பள்ளிக்கூடம் சேரும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். அங்கே பிள்ளைகள் என்னை அப்படிக் கூப்பிட்டபோதுதான் அது கேலிப் பெயர் என்று தெரிந்தது. என் முடியைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். கணக்குத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்க ஆரம்பித்த பிறகு, முடியை விட்டுவிட்டு என் விடைத்தாளைப் பார்க்க வந்தார்கள்.

எண்பத்தெட்டில் நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆட்சிக்கு எதிராக ஊர் கொந்தளித்து, பள்ளிகளை மூடிவிட்டார்கள். மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குப் பொழுதுபோகாமல் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். எனக்கே புரியாத இடங்கள் அப்போதுதான் புரிந்தன.

பத்தாவதில் நல்ல மதிப்பெண். மருத்துவம் படிக்க விண்ணப்பம் வாங்கப் போனபோது, சன்னலுக்கு உள்ளே இருந்த அம்மாள் என் வெளிநாட்டவர் பதிவு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரங்கூனில் பிறந்தவள்தான், ஆனால் ஆபோவும் உம்மாவும் வைத்திருந்தது அதே அட்டை; எனக்கும் அதுவே. மருத்துவமும் பொறியியலும் குடிமக்களுக்கு மட்டும் என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். தொலைக்கல்வியில் கணிதம் சேர்ந்தேன்.

அதே சமயத்தில் ஆபோவின் நாட்டில் சண்டை மூண்டது. கொட்டகையில் வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய அண்ணன் குடும்பம் எங்கே போனது என்று கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் இங்கிருந்து துரத்தினால் ஆபோவின் ஊருக்குப் போய்விடலாம் என்று உம்மா சொல்வாள். இப்போது துரத்தினால் போக ஊர் இல்லை. வருடா வருடம் அட்டையைப் புதுப்பிக்கப் போகும் காலையில் மூன்று பேருமே சாப்பிட மாட்டோம்.

இந்த நிலையில்தான் கீரைக்கார அக்கா வந்தார். டாலாவிலிருந்து தினமும் ஆற்றைக் கடந்து க்யிம்யிண்டைங் சந்தைக்குக் கீரை கொண்டுவருபவர். அவருடைய பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து துறைமுகக் கூலிகளாக வந்த குடும்பம். மகள் பத்தாவதில் கணக்கில் மட்டும் தொடர்ந்து தவறிக்கொண்டிருந்தாள்.

“நீ ஒருக்கா வந்து சொல்லிக் குடும்மா. ட்யூஷனுக்குக் குடுக்க எனக்கு வழியில்ல. அவள தையக்கடைக்கு அனுப்ப மனசு வரல” என்றார்.

எங்களைப் போன்ற அட்டைக்காரர்கள் அனுமதி இல்லாமல் ஆற்றைத் தாண்டக்கூடாது. உம்மா கூடாது என்றே சொன்னாள். ஆபோ ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு, “போ. ஆனா யார்ட்டயும் வம்பு பேசாத” என்றார். அவர் தமிழை உம்மாவிடம் கற்றவர். கண்டிப்பும் உம்மாவுடையது மாதிரியே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, கன்னத்தில் எல்லாரையும் போலத் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு படகு ஏறுவேன். அந்தப் பூச்சு என் நிறத்தில் இன்னும் எடுப்பாகத் தெரியும். சீட்டு கேட்பவர் என் பக்கம் வரும்போதெல்லாம் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொள்வேன். இறங்கியதும் சைக்கா என்னும் மூன்று சக்கர மிதிவண்டியில் ஏறி, கடைசி வளைவில் இறங்கி வரப்பில் நடப்பேன்.

முதலில் அந்தப் பெண் ஒருத்திதான். மழைக்காலம் முடிவதற்குள் அவளுடைய தோழிகள் வந்தார்கள், பிறகு அடுத்த தெருவின் பர்மியப் பெண்களும். ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடினால் கேள்வி வரும் என்பது அந்தக் காலத்தில் குழந்தைக்கும் தெரியும். அதனால் இரண்டு பேர் அடுப்படியில், இரண்டு பேர் கொல்லையில், மீதிப் பேர் கூடத்தில் என்று உட்காரவைத்தோம். சமையலறைக் கதவைத்தான் கரும்பலகையாக வைத்திருந்தேன். கொல்லையில் இருப்பவர்களுக்குத் தெரியவேண்டும் என்று அதைத் திறந்தே வைத்திருப்போம்.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு காலை அந்தப் பகுதியின் வார்டு தலைவர் ஒரு போலீஸ்காரரோடு உள்ளே வந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்கத் தோன்றவில்லை. இங்கே என்ன கூட்டம் என்று பர்மியத்தில் கேட்டார். கீரைக்கார அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் அவருடைய சொந்தக்காரப் பெண் என்றார். தலைவர் என் முகத்தைப் பார்த்தார், அக்கா முகத்தைப் பார்த்தார். அப்போது அக்காவின் மகள் எழுந்து நின்றாள்.

“சொந்தம் இல்லை, ஊலே. எங்க சயாமா. கணக்கு சொல்லித் தர்றாங்க” என்றாள். ஊலே என்றால் மாமா, சயாமா என்றால் டீச்சர். சொல்லிவிட்டும் அவள் உட்காரவில்லை.

தலைவர் என்னிடம் எவ்வளவு வாங்குகிறாய் என்றார். ஒன்றும் வாங்குவதில்லை என்றேன். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

“சும்மா சொல்லிக்கொடுக்க ஆற்றைத் தாண்டி வருகிறாயா? அல்லது உனக்கு இங்கே வேறு வேலை இருக்கிறதா?”

அந்த வருடங்களில் ‘வேறு வேலை’ என்றால் அரசியல். அந்தச் சொல்லால் ஆட்கள் காணாமல் போயிருக்கிறார்கள். இல்லை என்று தலையாட்டினேன். அட்டையைக் கேட்டார், கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மறுநாள் தகப்பனோடு அலுவலகத்துக்கு வா என்றார்.

அட்டை இல்லாமல் படகில் திரும்பியது நினைவிருக்கிறது. வீட்டில் சொன்னபோது உம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டியிலிருந்து எங்கள் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து ஒரு பையில் வைக்க ஆரம்பித்தாள். ஆபோ அந்தப் பையை வாங்கி ஓரமாக வைத்தார்.

மறுநாள் அவர் கைலியை விட்டுவிட்டு, தன்னிடம் இருந்த ஒரே நீளக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டார். அலுவலகத்தில் எங்களை வெளியே நிறுத்திவைத்தார்கள். உள்ளே கூப்பிட்டு எந்த அமைப்பு அனுப்பியது, யாரைச் சந்தித்தாய் என்று அதையே மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஆபோவின் பர்மியம் துறைமுகப் பர்மியம். “என் மகள் கணக்கு மட்டும். வேற ஒண்ணும் இல்லை” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பேசும்போது அவர் கை என் முழங்கைக்குப் பின்னால் இருந்தது.

நண்பகலில் சன்னல் வழியாகப் பார்த்தேன். கீரைக்கார அக்கா கூடையோடு வாசலில் நின்றார். சாலைக்கு எதிர்ப்புறம் இன்னும் இரண்டு தாய்மார்கள். தேநீர்க் கடையருகே வேறு இரண்டு பேர். கூட்டம் என்று யாரும் சொல்லமுடியாதபடி தள்ளித் தள்ளி நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்து, அதிகாரியின் முன்னால் குனிந்து, என் பெண்ணுக்கு இந்தப் பிள்ளை சொல்லிக்கொடுத்தது இதுதான் என்று கணக்குப் புத்தகத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாது. தங்கள் பெயர் அந்த அதிகாரிக்குத் தெரிந்துவிடும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அனுமதி இல்லாமல் இனி ஆற்றைத் தாண்டமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பினார்கள். அட்டை மேலிடத்துக்குப் போய், பல நாள் கழித்துத் திரும்பி வந்தது. அந்த நாட்களில் வாசலில் சைக்கிள் நின்றாலே உம்மா எழுந்துவிடுவாள்.

வகுப்பு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு கீரைக்கார அக்காவின் மகள் அம்மாவோடு சந்தைக்கு வந்து, அங்கிருந்து நேரே ஆபோவின் கொட்டகைக்கு வந்தாள்.

“சயாமா வரக்கூடாதுன்னுதானே சொன்னாங்க. நாங்க வரக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே” என்றாள்.

ஒருத்தி போனதும் இன்னொருத்தி என்று வர ஆரம்பித்தார்கள். மோட்டார்களுக்கு நடுவில் எண்ணெய்ப் பீப்பாய் மேல் பலகை போட்டு எழுதினோம். தெரியாத ஆள் துறைப் பக்கம் நடந்து வந்தால் ஆபோ ஒரு மோட்டாரை முடுக்கிவிடுவார். அந்தச் சத்தத்தில் நாங்கள் வாயை மூடிக்கொண்டு கணக்கைப் போட்டுக்கொண்டே இருப்போம். சத்தம் நின்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம்.

முடிவு வந்தபோது அக்காவின் மகள் தேறியிருந்தாள். அவளோடு வந்தவர்களில் ஒருத்தி தவறிவிட்டாள்; மிங்கலாடோன் பக்கம் தையல் ஆலைக்குப் போனாள். அவளுக்காக நான் அழுதபோது அவள்தான் என்னைத் தேற்றினாள். அக்காவின் மகள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்ததைச் சொல்ல ஒரு கட்டுப் புளிச்சக்கீரையோடு வந்தாள். அவள் குடிமகள், அவளுக்கு அந்தக் கதவு திறந்தது. எனக்குப் பொறாமை வந்தது, சந்தோஷமும் இருந்தது. உம்மா அன்றைக்கு ஆப்பம் சுட்டாள். ஆபோ அதைத் தங்கள் நாட்டு அப்பத்தின் பெயரால் ‘லஹோஹ்’ என்றுதான் கேட்பார். அந்தப் பெண் அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லப் பழகும்வரை அவளுக்கு அடுத்ததை வைக்க அவர் விடவில்லை.