சிவப்புக் காருக்குள் இருந்த இஞ்சின்

எனக்குக் கோபம் வந்தால் அடங்காது. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே அப்படித்தான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, சென்னையில் யாரோ ஓட்டிக் கழித்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தார். மேல்கூரையை மடித்துவிட்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஊர் பார்க்க உட்காரலாம். கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடத்தான் வாங்கினார். அதை நம்பி டிரைவர் வேலையையும் விட்டுவிட்டார். முதல் ஊர்வலம் தாமலில் ஒரு வீட்டில் பேசியாகிவிட்டது.

எங்கள் உத்திரமேரூரில் அதுவரை ஊர்வலத்துக்கு வெள்ளைக் கார் விட்டுக்கொண்டிருந்தவருக்கு வயிறு எரிந்தது. டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்: "போட்டுக்கினு கீறது போலீஸ் சட்டை, உள்ள கீறவன் வாட்ச்மேன்யா. அது ஸ்போர்ட்ஸ் இஞ்சினே இல்ல."

நாலு பேர் சிரித்தார்கள். பேச்சு தாமல்வரை போனது. பெண்ணின் அப்பா, ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று போனில் சொல்லிவிட்டார்.

வெள்ளைக் கார்க்காரரின் வாயை அடைத்தே தீருவது என்று சனிக்கிழமை, மாமா வெளியே போன நேரத்தில், பானட்டைத் திறந்தேன். இஞ்சின் எண் பின்பக்கச் சந்தில், பெரியவர்கள் கை நுழையாத இடத்தில் இருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தும் எழுத்து தெரியவில்லை. சாமி படத்துக்கு முன்னால் இருந்த விபூதியை அள்ளி வந்து அழுத்தித் தேய்த்தேன். பள்ளங்களில் விபூதி தங்க, எழுத்துகள் வெள்ளையாகத் தெரிந்தன. முழங்கை கிழிந்தது. கிழியட்டும்.

எண்ணின் தொடக்கத்தில் இருந்த எழுத்துகள் எனக்குப் பழக்கமானவை. எங்கள் பள்ளிக்கூட வேனில் இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சுடுகிறது என்று யாரும் உட்காராத அந்த சீட்தான் என் இடம். டிரைவர் தண்ணீர் ஊற்ற சீட்டைத் தூக்கும்போதெல்லாம் அதே எழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் விடவில்லை. வேன் டிரைவர் வீட்டுக்கு ஓடி, சீட்டைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். அதே எழுத்துகள். இஞ்சினும் அச்சு அசலாக அதேதான்.

மாமா வந்ததும் சொன்னேன். "உன்ன நல்லா ஏமாத்திட்டானுங்க மாமா. உள்ள கீறது எங்க ஸ்கூல் வேன் இஞ்சின்."

மாமா என் முழங்கையைப் பார்த்தார். "எவனும் ஏமாத்தல பாப்பா. நான்தான் மாத்தினேன்."

ஊர்வலத்தில் வண்டி மேளக்காரர் நடக்கிற வேகத்தில்தான் போக வேண்டும், பட்டாசு வெடிக்கிற இடமெல்லாம் நிற்க வேண்டும். அந்தக் காரின் பழைய இஞ்சின் அப்படி ஊர்ந்தால் கொதித்துப் படுத்துவிடுமாம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்து வண்டியைத் தள்ள முடியுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அப்படியானால் அந்த ஆள் சொன்னது உண்மையா? தாமல்காரரிடம் என்ன சொல்வாய்?

"கேட்டா உள்ளத சொல்றேன்."

சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் தூக்கிக் காட்டி, வேன் இஞ்சின் என்றார். தாமல்காரர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"நடுத்தெருவுல நின்னுடாதே?"

"நிக்காதுங்க."

"அது போதும்பா. என் பெரிய பொண்ணு ஊர்வலத்துல வண்டி நின்னு போயி மானம் போச்சு." மேளம் கிளம்புகிற நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயித்த திமிர் எனக்கு. "அந்தப் பெரிய இஞ்சின் எங்க மாமா?" என்றேன்.

"வித்துட்டேன்." பானட்டை மெதுவாக இறக்கினார். "கயட்டறதுக்கு முன்ன ஒருவாட்டி ஓட்டினேன். விடியகாலம், வந்தவாசி ரோட்ல. ரோடு காலியா கீது..." அதோடு நிறுத்திவிட்டார்.

"எவ்ளோ வேகம் போச்சு?"

அவர் பானட்டின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் இன்னும் சத்தமாகக் கேட்டேன்.