தெற்கு பார்த்த தட்டு

புளியும் பித்தளையும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். வெள்ளிக்கிழமை விளக்கு துலக்கும்போது ஹூஸ்டனில் என் சமையலறைத் தொட்டியிலிருந்து அது எழும். எனக்குப் பூஜை அறை நினைவுக்கு வராது. நியூ ஜெர்சி எடிசனில், ஈரக் கையோடு வெயிலுக்காகக் காத்து நின்ற அண்ணன்தான் நினைவுக்கு வருவார்.

அண்ணன் பிறந்தது பவானியில். தபால் அலுவலக குமாஸ்தாவின் மூத்த பிள்ளை. அப்பா சீக்கிரமே போய்விட்டதால், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார். அதன் பிறகே தன் கல்யாணத்தை யோசித்தார். அண்ணியோடு அமெரிக்கா வந்தது தொண்ணூறில். பார்சிப்பனியில் வேலை, எடிசனில் வீடு. இரண்டாவது குளிர்காலத்தில் அண்ணி நோயில் படுத்தவர் எழவில்லை. பிள்ளைகள் இல்லை.

அந்த வசந்தத்தில் அண்ணன் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டார். ஏன் என்று போனில் கேட்டேன்.

"டிக் டிக்குனு, வீட்டுல ஆரும் இல்ல, ஆரும் இல்லங்குது அம்மிணி."

சில வாரங்கள் கழித்து, யாரோ வீட்டைக் காலிசெய்து பழைய சாமான் விற்ற இடத்தில், கன்னங்கரேலென்று கிடந்த பித்தளைத் தட்டு ஒன்றை வாங்கிவந்தார். நடுவே சாய்ந்த ஒரு முள், சுற்றிலும் ரோமன் எண்கள். முள்ளின் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. சத்தம் போடாத வெயில் கடிகாரம். நம் வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? புளி போட்டு, சாம்பல் போட்டு, குத்துவிளக்கு மாதிரி தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். அதன் வயதைக் கேட்கப் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் எடுத்துப்போனால் அந்த மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பே.

"என்னண்ணா, அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பொட்டும் வெச்சுருவீங்களா?" என்றேன்.

"வெலை போச்சுன்னு அவன் அழுவறான். நான் என்ன விக்கறதுக்கா வாங்குனேன்? மூஞ்சி எப்படித் தெளிச்சியா இருக்குது தெரியுமா!"

பிறகு கறுத்ததைக் கறுப்பாகவே விடக் கற்றுக்கொண்டார். சனிக்கிழமைகளில் தனியாகக் காரோட்டிப் பென்சில்வேனியா சந்தைகள் வரை போவார். கல்லில், ஈயத்தில், வெண்கலத்தில் செய்தவை ஒவ்வொன்றாய்ப் பின்புறப் புல்வெளிக்கு வந்து சேர்ந்தன. வார இறுதியில் வரும் நண்பர்களின் பிள்ளைகள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சிரிக்கும்: "அங்கிள், யுவர் க்ளாக் இஸ் ஒன் அவர் ஸ்லோ!"

"க்ளாக் கரெக்ட் கண்ணு. கவர்ன்மென்ட்தான் கோடையில ஒரு மணி நேரம் முந்தி ஓடுது."

எடிசன் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரிந்துபோயிற்று. அப்பாவுக்குத் திதி, உச்சிப்பொழுது சரியாக எப்போது என்று அண்ணனுக்குப் போன் வரும். நேரம் தெரிந்ததும் வைத்துவிடுவார்கள். அண்ணன் மட்டும் ரிசீவரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பாராம். சிரித்துக்கொண்டே அவர் சொன்னதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹூஸ்டனுக்கு வந்துவிடுங்கள் என்று வருடாவருடம் கூப்பிட்டேன். வருடாவருடம் ஒரே பதில்.

"ஒவ்வொண்ணும் ஒரு ஊருக்குன்னு செஞ்சது அம்மிணி. முள்ளோட சாய்வு ஊருக்கு ஊரு மாறும். இங்க சரியா நிக்கறத அங்க கொண்டாந்து வெச்சா பொய் சொல்லும்."

கடிகாரங்களைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இதற்கு நடுவில்தான் இன்னொரு பித்தளைத் தட்டு கிடைத்தது. டெலவேர் ஆற்றோரச் சந்தை ஒன்றில், முள் வளைந்து வீணாய்ப்போனது என்று ஓரமாகப் போட்டிருந்தார்களாம். முள் ஏறக்குறைய படுத்தே கிடந்தது. அண்ணன் பாகைமானி வைத்து அளந்து பார்த்தார். வளையவே இல்லை. அது நம் பவானிப் பக்கத்துச் சாய்வு. எந்த வெள்ளைக்காரர் எந்தத் தோட்டத்துக்குச் செய்யச் சொன்னாரோ! அன்றைக்கே அண்ணன் போனில் கூப்பிட்டார். "நம்மூருக்காரன் ஒருத்தன் இங்க கெடந்திருக்கான் அம்மிணி, கோணலா இருக்கான்னு அல்லாரும் சொல்லச் சொல்ல."

தட்டின் வடக்கு விளிம்புக்கு அடியில் சாய்வாகச் சீவிய மரக்கட்டை ஒன்றைக் கொடுத்துத் தூக்கினார். தட்டின் முகம் தெற்கே திரும்பியது. நிழல் எடிசன் மணியைச் சரியாகக் காட்டியது.

அண்ணனின் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, நவம்பரில் வந்த நன்றி நவிலல் விடுமுறையில் அவரோடு இருக்கப் போனேன். கூப்பிடுவதில்லை என்ற முடிவோடுதான் போனேன். கராஜில் அவர் ஒரு மரக்கட்டையை இழைத்துக்கொண்டிருந்தார். பழையதைவிட மெலிதான கட்டை.

"எதுக்குண்ணா?"

"ஹூஸ்டனுக்கு. அங்க இவ்வளவு தூக்க வேண்டியதில்ல. தெக்கால இருக்கற உன் ஊரு, சாய்வுல நம்மூருக்குக் கொஞ்சம் பக்கம்." மரத்தூளை ஊதிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பொங்கலுக்கு வந்தர்றேன். சாமானம் பொறகு வரட்டும். இந்தத் தட்டையும் கட்டையையும் மட்டும் நீ முன்னால கொண்டுபோ."

நான் ஹூஸ்டன் வந்து இறங்கியபோது மழை. அந்த மழை விடுவதற்குள் எடிசனிலிருந்து போன் வந்துவிட்டது. தூக்கத்திலேயே போயிருந்தார்.

மருத்துவமனையில் மாறிமாறித் துணையிருந்த எடிசன் நண்பர்களுக்கும், வாசல் பனியை அவர் கேட்காமலே அள்ளிப்போட்ட எதிர்வீட்டுத் தம்பதிக்கும், கல் கடிகாரங்களை முதுகு வலிக்கத் தூக்கி ஆளுக்கொன்றாய்த் தங்கள் தோட்டங்களில் வைத்துக்கொண்ட குடும்பங்களுக்கும் எங்கள் வீடு கடமைப்பட்டிருக்கிறது. அவற்றில் நிழல் விழும்போதெல்லாம் அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலாண்டுத் திதிக்கு உச்சிப்பொழுது கேட்க எனக்குப் போன் எண் இல்லை. பின்வாசலுக்குப் போய் அந்தத் தட்டைப் பார்த்தேன். மெலிந்த கட்டையின்மேல் தெற்கு பார்த்து இருந்தது. முள்ளின் நிழல் பன்னிரண்டின் மேல் படுத்திருந்தது. சரியாகவே இருந்தது.

தட்டோடு நான் கிளம்பிய அன்று, நூவர்க் விமான நிலையத்தில் சோதனை வரிசை வரைக்கும் அண்ணன் கூடவே வந்தார். துண்டில் சுற்றிய தட்டை என் கைக்கு மாற்றினார். வரிசை நகர்ந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது:

"வெயில் வந்ததும் போன் பண்ணு அம்மிணி. என்ன மணி காட்டுதுன்னு சொல்லு."