காம்பில் புகை வரும் வரை

கரியடுப்பின் மேல் கிடந்த சீமைப்பலாவை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "ம், மேல சொல்லுங்க" என்கிறார் யூலாலி. எதிரே முக்காலியில் வேர்த்து வழிந்துகொண்டிருப்பவர் கல்வித்துறைச் செயலாளர். பட்ஜெட்டுக்கு முன்னால் தீவின் நிதி அமைச்சர் யூலாலியிடம் பணம் கேட்கிறவர்கள் சனிக்கிழமை இந்த முற்றத்துக்குத்தான் வரவேண்டும். பலா வேகும் வரை பேசலாம். காம்பில் புகை வந்தால் பலா வெந்துவிட்டது, பேச்சும் முடிந்தது.

தலையில் மெட்ராஸ் கட்டத்துணி, காலில் ரப்பர் செருப்பு. அமைச்சர் என்ற தோரணை மருந்துக்கும் கிடையாது. கேள்விதான் குடையும்.

"போன வருசம் வாங்கின பள்ளிக்கூட பஸ்ஸு எங்க? கோழி அடை காக்குதா அதுல?"

அவர் வாயால் 'முடியாது' என்று யாரும் கேட்டதில்லை. வெந்த பலாவைத் தட்டில் வைத்து, கருவாட்டு வதக்கலும் போட்டு உட்காரச் சொன்னால் பணம் உண்டு. வாழையிலையில் கால் பங்கைக் கட்டிக் கொடுத்தால் இல்லை. பொட்டலத்தோடு தெருவில் இறங்கும் அதிகாரியை மீன்காரிகள் சும்மா விடமாட்டார்கள். "என்ன சார், பொட்டலமா? வழியில பசிக்காது, விடுங்க!"

செயலாளருக்குப் பொட்டலம்தான். அடுத்த பலா அடுப்பில் ஏறியபோது வந்தவர் யூலாலியின் அண்ணன் பாஸ்டியன், பிறந்த ஊரின் மீனவர் சங்கத் தலைவர். அலையை மறிக்க ஒரு தூண்டில் வளைவு கேட்டு வந்திருந்தார். போன புயலில் அவருடைய படகும் பாறையில் மோதி நொறுங்கியது. இப்போது ஓடுவது கடன் படகு.

கஜானாவில் இருப்பதோ ஒரு வேலைக்குத்தான் காணும். வடக்கே ஆஸ்பத்திரிக் கூரை பறந்து, பிள்ளை பெற்றவர்கள் தார்ப்பாய்க்கடியில் படுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் யூலாலியின் கட்சிக்கு ஓட்டுப் போட ஆளே இல்லை.

"தங்கச்சி மந்திரியாம், அண்ணன் படகு கட்ட இடமில்லையாம். ஊரே சிரிக்குது யூலாலி."

"சிரிக்கட்டும்ணே. வடக்க அழுதுகிட்டிருக்காங்க."

"ஜூன்ல காத்து கிளம்பிரும். இந்தப் படகும் போச்சுன்னா என்னால எந்திரிக்க முடியாது, தாயி."

யூலாலியைப் படிக்க வைத்ததே அண்ணன் பிடித்த மீன்தான். பலாவைத் தேவையில்லாமல் இன்னொரு தடவை புரட்டினார்.

காம்பில் புகை வந்தது. பாஸ்டியனின் கண் தட்டுகளின் பக்கம் போனது. யூலாலி எழுந்துபோய் வாழையிலை ஒன்றை அறுத்து வந்தார். கருகிய தோலைச் சுரண்டி, வெண்ணெய் தடவி, தனக்கென்று ஒரு துண்டுகூட வைக்காமல் முழுப் பலாவையும் இலையில் கட்டி இரண்டு கையாலும் நீட்டினார். அண்ணன் உடனே வாங்கவில்லை. உள்ளங்கை சுட்டது, யூலாலி கையை இறக்கவில்லை.