கூட்டத்துக்காகப் பழகிய தமிழ்

என் முகத்துக்குக் கீழே தமிழ் எழுத்து ஓடியது. நான் கதைத்ததும் தமிழ்தான். சிங்களவருக்கோ வெள்ளைக்காரருக்கோ விளங்கட்டும் என்று போட்ட எழுத்தல்ல அது. தமிழருக்கு என் தமிழ் விளங்காது என்று நினைத்து, நான் சொன்னதையே வேறொரு தமிழில் எழுதி ஓடவிட்டிருந்தார்கள். மச்சாள், அவளுடைய பிள்ளைகள், பக்கத்து வீட்டார் என்று ஒரு பட்டாளமே எங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடியிருந்தது. அந்த எழுத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேத்தண்ணி போடுகிற சாட்டில் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவின் வடகரையில் இருக்கிறது. ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்கள் நாங்கள் கரையில் கருவாடு போடுவோம். மாதா கோயிலுக்கு மேற்கே இருக்கிற வெளிக்கரைதான் எங்கள் இடம். அங்கே காற்று நேராக அடிக்கும், ஈ இலையான் அண்டாது, போட்ட மீன் சுணங்காமல் காயும். அந்தக் கரையை வேலியடைத்துச் சுற்றுலாக்காரருக்குக் கபானாக் குடில்கள் கட்டப்போகிறார்கள் என்ற கதை வந்ததும் ஊர் கொதித்தது. கரை போனால் எங்கள் பிழைப்பும் போச்சு. அதைப் படமெடுக்கத்தான் கொழும்பிலிருந்து தொலைக்காட்சிக்காரர் வந்தார்கள்.

மைக்கைப் பிடித்திருந்த பிள்ளை, "உங்க பிரச்சினை என்னன்னு சொல்லுங்கம்மா" என்று கேட்டாள். என் கணவரின் தங்கை, அதுதான் என் மச்சாள், என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"இவவைக் கேளுங்கோ. எங்கட சங்கத் தலைவி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டு சொல்லுவினம், இவ ஊரையே பிழைக்க வைப்பா."

வாய் எனக்கு உண்டு, அதை மறைப்பானேன்? கடற்கரையில் பிறந்தவர்கள் இயந்திரச் சத்தத்துக்கும் காற்றுக்கும் மேலால் கத்திக் கதைத்துப் பழகியவர்கள். மெதுவாகக் கதைத்தால் எங்களுக்குக் காய்ச்சலோ வருத்தமோ என்று வீட்டில் கேட்பார்கள். நறுவிலிக்குளத்திலிருந்து கருவாடு எடுக்க வருகிற வயற்காரப் பெண் ஒருத்தி, "அக்கா, நீங்கள் விலை சொன்னா சண்டைக்கு வாற மாதிரியெல்லோ கிடக்கு" என்று சிரிப்பாள். "சண்டைதான், குறைச்சுக் கேட்டுப் பாரன்" என்பேன் நான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே விலையை முடிப்போம். அவளுக்கு ஒருநாளும் என் கதை விளங்காமல் போனதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் கதைத்தேன். "இந்தக் கரையை விட்டிட்டு நாங்கள் எங்க போறது? கடலுக்குள்ளயோ மீன் காயப்போடுறது? வாறவைக்குக் கடல் பார்க்க இடம் வேணுமெண்டால் எங்கட வீட்டு முத்தத்தில வந்து இருக்கட்டும், கதிரை போட்டுத் தாறன், தேத்தண்ணியும் தாறன். கரையைத் தரமாட்டம்!" சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள். மைக் பிடித்த பிள்ளையும் சிரித்தாள். அன்று முழுக்க எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

பிறகு அந்தத் துண்டுப் படம் ஆட்களின் கைபேசிகளில் ஓடத் தொடங்கியது. அதற்குக் கீழே சனம் எழுதியிருந்ததை மச்சாளின் மூத்த மகள் எனக்கு வாசித்துக் காட்டமாட்டேன் என்றாள். நான் பறித்து வாசித்தேன். "இது மலையாளமா?" என்று ஒருவர். "ஆன்ட்டி யாரைத் திட்டுறாங்க?" என்று இன்னொருவர். என் குரலை எடுத்து அதற்கு ஆட்டம் போட்டு ஒரு பெடியன் வேறு படம் விட்டிருந்தான். அத்தனை பேர் எழுதியதில் கரையைப் பற்றி ஒரு சனமும் எழுதவில்லை. நான் வாசலில் கிடந்த வாளியை எட்டி உதைத்தேன். வாளி பாவம்.

என் மகள் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறாள். அவள் அங்கே தன் சிநேகிதிகளோடு "வாங்க, போங்க" என்று கதைப்பதைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, நல்லாத்தான் கதைச்சனீங்கள். ஆனா அடுத்தமுறை கொஞ்சம் ஆறுதலா, மெதுவா, நல்ல தமிழில கதையுங்கோ. கந்தோரில எல்லாரும் பாத்தவை."

"பாத்திட்டு என்ன சொன்னவை?"

"ஒண்டும் சொல்லேல்ல. உன்ர ஊர்தானே, இவவைத் தெரியுமோ எண்டு கேட்டவை."

"நீ என்ன சொன்னனீ?"

"அம்மா, கதவில ஆரோ தட்டினம், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவர்களின் பரம்பரையையே இழுத்துப் பேசியிருப்பேன். மகள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. பெற்ற பிள்ளை என் தாய் இவள் என்று சொல்ல முடியாதபடி நான் வாயைத் திறந்துவிட்டேனே என்று வெட்கப்பட்டேன். அப்படி நினைத்ததற்காக இப்போது இரட்டிப்பாக வெட்கப்படுகிறேன்.

அந்த நேரத்தில்தான் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார், கரை விஷயத்தை அன்றைக்கே கேட்டு முடிவெடுப்பார், பெண்கள் சங்கத்தின் சார்பில் தலைவி கதைக்கலாம் என்றார்கள். இந்தமுறை ஒருவரும் சிரிக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். செய்தி வாசிக்கிற பெண்களைப் பார்த்து, அவர்கள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவர்கள் சொல்லுகிற மாதிரிச் சொல்லிப் பழகினேன். மகள் ஒவ்வொரு பின்னேரமும் எடுத்துத் திருத்தினாள். அவளுடைய குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்க எனக்கும் ஆசையாக இருந்தது. மீன் வெட்டும்போதும் உப்புப் போடும்போதும் "வாழ்வாதாரம்", "பாதிப்பு", "தாழ்மையுடன்" என்று முணுமுணுத்துக்கொண்டே திரிந்தேன்.

என் மனிசன் சும்மா இருப்பாரா?

"இஞ்ச பாருங்கோ, முக்கியச் செய்தி. குழம்பு கொதிக்கிறது. சோறு வேகவில்லை. புருசன் பசியால் பாதிக்கப்பட்டுள்ளார்" என்று வாசித்துக் காட்டினார்.

"உங்களுக்குப் பகிடி. நாலு பேருக்கு முன்னால கதைக்கப் போறது நானெல்லோ" என்று சீறினேன்.

"எடியேய், புலியைப் பாத்துப் பூனை சூடு போட்ட கதையா முடியப்போகுது. நீ உன்ர பாட்டில கதையன். கப்பலே திரும்பிப் போகும்."

"நான் கதைச்சு ஊர் சிரிச்சது காணும், இனியும் வேண்டாம்" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டத்தன்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். சங்கப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். மண்டபத்தில் கதிரை வரிசையாகப் போட்டிருந்தது. முன்னால் ஒரு பெடியன் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைக் கண்டதும் எனக்கு அந்தத் துண்டுப் படம்தான் நினைவுக்கு வந்தது. என் முறை வந்தபோது எழும்பி, "மதிப்புக்குரிய அதிகாரி அவர்களே" என்று தொடங்கினேன். எமது வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வதாகச் சொன்னேன். பாடமாக்கியது ஒரு சொல்லும் பிசகவில்லை. அதிகாரி பேனையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். நான் பாடமாக்கியதில் கேள்வி இருக்கவில்லை.

"பனங்கூடலுக்குப் பின்னால இருக்கிற காணியை உங்களுக்கு மாற்று இடமாத் தரலாம் எண்டு யோசிக்கிறம். அதில நீங்கள் கருவாடு போடலாம்தானே?"

என் வயிற்றிலிருந்து பதில் கிளம்பியது. "அந்தப் பனையளுக்குப் பின்னால காத்து எங்க ஐயா? இலையான் மொய்க்கும், புழு வைக்கும். ஊர்க் கழுதை எல்லாம் அங்கதான் படுத்தெழும்புது. ஒருநாள் நீங்களே வந்து நிண்டு பாருங்கோ, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவியள்!" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் மண்டபமே அதிர்ந்திருக்கும். அது தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெடியனின் கைபேசி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. புழுவையும் கழுதையையும் செய்தி வாசிக்கிறவள் எப்படிச் சொல்லுவாள்? நான் தேடினேன். வரவில்லை. இரவல் வாங்கிய தமிழில் எனக்குக் கும்பிடத் தெரிந்தது, சண்டைபிடிக்கத் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரிசீலிக்கலாம் ஐயா" என்றேன்.

"நல்லது. தலைவியே ஒத்துக்கொள்ளுறபடியால் இதில பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போனார். பக்கத்தில் இருந்த மச்சாள் என் தொடையில் தட்டினாள். நான் ஏதோ பெரிய யோசனையோடுதான் சொன்னேன் என்று நம்பிக்கொண்டு தட்டினாள். அப்போதே எழும்பி, "இல்லை ஐயா, நில்லுங்கோ" என்று கத்தியிருக்கலாம். மீன் வியாபாரியிடம் ஒரு சதத்துக்கு அப்படிக் கத்துகிறவள் நான். கதிரையோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் அந்த அதிகாரி எங்களைத் தேடி வந்து கைகூப்பினார். "அம்மா, உங்கட தமிழ் அருமை. இந்தப் பக்கத்து ஆள் எண்டே தெரியேல்ல" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதிப் பிரயோசனம் இல்லை. கரை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில், முகம் மலர்ந்து "நன்றி ஐயா" என்றேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் பெண்கள் என் பெருமையைத்தான் கதைத்தார்கள். "என்ன மாதிரிக் கதைச்சவ! ஒரு சொல்லு இடறேல்ல." அன்று இரவே மகள் எடுத்தாள். யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்திருந்தாள். "அம்மா, எங்கட கந்தோரில எல்லாருக்கும் காட்டினனான். இது என்ர அம்மா எண்டு சொன்னனான்." அவளுக்குக் குரல் தழுதழுத்தது. கூட்டத்தில் என்ன முடிவானது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சந்தோஷம் பாழாகியிருக்கும் என்று எனக்குள் ஒரு சாட்டு. உள்ளதும் போச்சடா நொள்ளைக் கண்ணா என்று என்னையே திட்டிக்கொண்டு படுத்தேன்.

அந்தோனியார் திருநாள் முடிந்த கிழமை வேலிக் கட்டைகள் வந்து இறங்கின. நாங்கள் மீன் கடகங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது, பெரியமடுப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்த ஆட்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மீன் விரிக்கிற இடத்திலேயே முதல் கட்டை நின்றது. மச்சாள் கடகத்தைத் தொப்பென்று மணலில் போட்டாள். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தொடங்கினாள்.

"ஆரைக் கேட்டு இஞ்ச கட்டை நட்டனீங்கள்? பனங்கூடலுக்குப் பின்னால போய் நிண்டு பாத்தனீங்களோ? அதுக்குள்ள ஒரு பொட்டுக் காத்து இருக்கோ? மீன் புழு வைச்சா அதை ஆர் வாங்கித் தின்னுறது, நீங்களோ? கழுதை உழக்கினதைக் காயவைச்சு உங்கட வீட்டுக்கு அனுப்பவோ?"

நான் கூட்டத்தில் விழுங்கிய அத்தனையும் அவளுடைய வாயிலிருந்து வந்தது. கடல்வரை கேட்டது. தோண்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் வயதான ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். கோபப்படவில்லை. அவருக்கு மனவருத்தமாகத்தான் இருந்தது.

"பிள்ளை, நீங்கள் சொல்லுறது நியாயம். நானும் கருவாடு வாங்கித் தின்னுறவன்தான். இதை அண்டைக்குக் கூட்டத்தில சொல்லியிருந்தா எங்களை இஞ்ச அனுப்பியிருக்க மாட்டினமெல்லோ? நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போட்டியள் எண்டெல்லோ எங்களுக்குச் சொன்னவை."

"ஆர் ஓம் எண்டு சொன்னது?" மச்சாள் பொங்கிவிட்டாள். "பரிசீலிக்கலாம் எண்டால் ஓம் எண்டோ? சொல்லாமல் விட்டமோ? இந்தா நிக்கிறா எங்கட மச்சாள். அவ சொன்ன வடிவைக் கேட்டு அந்தப் பெரியவரே எழும்பி வந்து கும்பிட்டவர். எங்கட பக்கத்தை ஒண்டும் விடாமல் சொன்னவ. கேளுங்கோ அவவை!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குழி தோண்டுகிற அலவாங்கு அவருடைய கையில் இருந்தது.

"காத்தில்லை, புழு வைக்கும் எண்டெல்லாம் சொன்னனீங்களோ பிள்ளை?"

"ஓம் ஐயா" என்றேன். "சொன்னனான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய், அடுத்த கட்டைக்குக் குழி தோண்டத் தொடங்கினார்.