கப்பலில் வராத அம்மை

என் கணவர் தீவின் ஹேடோ துறைமுகத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர். மெட்ராஸ் கப்பல் வந்தால், அவர் பார்த்து அனுப்பிய பிறகுதான் பயணிகள் வெளியே போக முடியும். யார் உடம்பிலாவது ஒரு கொப்புளம் தெரிந்தால் தனியாக உட்கார வைத்துவிடுவார். "நான் இருக்கிற வரைக்கும் அம்மை இந்தத் தீவுக்குள்ள நுழையாது" என்று சாப்பிடும்போதுகூடச் சொல்வார். நான் ரசம் ஊற்றுவேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். அவருக்கு இடது விலாவில் தீ வைத்தது போல எரிச்சல். பிறகு முதுகிலிருந்து மார்பு வரை பட்டையாகக் கொப்புளங்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அக்கி. ஊராக இருந்தால் குயவரிடம் போய்க் காவி மண்ணால் சிங்கம் எழுதிக்கொள்ளலாம். இங்கே பெரார்கஞ்ச் கிராமத்தில் ஒரு வங்காளிக் குயவர்தான் இருந்தார். இவரை அங்கே அழைத்துப் போய், சிங்கம் வரையச் சொல்லி எனக்குத் தெரிந்த இந்தியில் "ஷேர் பனாவ்" என்றேன். குயவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரத்தையாக வரைந்தார். வரி வரியாகப் புலி. அவர் ஊரில் ஷேர் என்றால் அதுதானாம்.

"அக்கிக்குப் புலி எழுதி எங்கயாவது கேட்டிருக்கியா?"

"புலியும் கடிக்கும். சும்மா இருங்க."

கடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் திருநெல்வேலிக்காரப் பையன்.

"சின்ன வயசுல அம்மை போட்டுச்சா சார்?"

"எட்டு வயசுல. தண்ணி ஊத்தியாச்சே."

"எறங்கிச்சு, ஆனா போகல. சின்னம்மைக் கிருமி நரம்புக்குள்ள போய்ப் பதுங்கிரும். ஒடம்போட காவல் ரத்தத்துல சுத்திக்கிட்டே இருக்கும்லா, நரம்பணுவுக்குள்ள சத்தமில்லாம கெடக்கிறது அதுக்குத் தெரியாது. காவல் தளர்ந்ததும் அக்கியா எந்திரிச்சு வருது."

"அப்ப நான் இங்க வரும்போதே..."

"கூடவே வந்திருக்கு. டிக்கெட் இல்லாம."

கொப்புளம் காயும்வரை பிள்ளைகளைத் தூக்க வேண்டாம் என்றார். அதற்குள் காலம் கடந்திருந்தது. சட்டை எரிகிறது என்று இவர் வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்த நாட்களில், பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரியின் குழந்தை சாயங்காலமெல்லாம் இவர் மடியில்தான் கிடந்தது. இரண்டு வாரத்தில் அதற்கு அம்மை. பிறகு குவார்ட்டர்ஸ் முழுக்கப் பிள்ளைகளுக்கு வந்தது.

அவள் வந்து, "பையா, ஜஹாஜ் மே கௌன் லாயா?" என்று கேட்டாள். அண்ணா, கப்பலில் யார் கொண்டுவந்தது என்று.

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "கோயி நஹி. முஜ்ஸே ஆயா" என்றார். யாருமில்லை, என்னிடமிருந்துதான்.

அவள் நம்பவில்லை. யாரோ ஏழைப் பயணியைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்கெல்லாம் குணமானது. இவருக்கு மரியாதை கூடியது. விலா வலி மட்டும் பல மாதம் விடவில்லை.

ஓய்வு பெற்று மெயின்லேண்ட் வந்த பிறகு, ஒருநாள் ரேடியோவில் எச்.ஐ.வி. பற்றிப் பேசினார்கள். அந்தக் கிருமி பதுங்குவது வேறெங்கும் இல்லை, உடம்புக்குக் காவல் நிற்கும் அணுக்களுக்குள்ளேயே என்றார்கள். இவர் எழுந்துபோய் ரேடியோவை அணைத்தார்.

"இதையெல்லாம் கேட்டா சோறு எறங்குமா? நீ ரசத்த ஊத்து" என்றார்.