கொலர் மட்டும் தெரிந்த ரீச்சர்

சிவராணி கட்டுநாயக்காவில் ஒரு கார்மென்ற்ஸ் ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை செய்தவள். இப்போது நானாட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தையல் பழக்குகிறாள். முன்னதைத் தெரிந்தவர்கள் பின்னதைக் கேட்டு, பொருத்தமான ஆள்தான் என்று தலையாட்டினார்கள். சிவராணி மட்டும் தலையாட்டவில்லை.

கார்மென்ற்ஸில் ஒருத்தரும் முழுச் சேட் தைப்பதில்லை. ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி பொக்கற், இன்னொருத்தி பொத்தான். சிவராணிக்கு விழுந்தது கழுத்துக் கொலர். வெட்டிய துண்டுகள் கட்டுக் கட்டாக வரும், தைத்துத் தள்ளினால் அடுத்த மெசினுக்குப் போய்விடும். கத்தரிக்கோல் பிடித்துத் துணி வெட்டும் வேலை அவள் பக்கமே வந்ததில்லை. இதை அதிபரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பள்ளிக்கூடத்துக்குத் தையல் மெசின்கள் வந்த சந்தோசத்தில் அவளைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். பக்கத்தில் மகள் கிருஷாந்தி, "எங்கட அம்மாவுக்குத் தெரியாத தையலே இல்லை சேர்" என்று அள்ளி விட்டாள். பெற்ற பிள்ளை இப்படி மார்தட்டும்போது இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?

கிருஷாந்தியும் அதே வகுப்புத்தான். வகுப்பில் 'ரீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவள் வாயில் 'அம்மா' என்றுதான் வரும்.

முதல் வேலையாக ஒரு பள்ளிச் சேட் தைப்பது என்று முடிவானது. வருடத்துக்கு ஒரு தரம் அரசாங்கம் கொடுக்கும் சீருடைத் துணியை வகுப்புப் பையன் ரொபின்சன் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அவனுடைய பழைய சேட் தோளில் இறுகி, கையைத் தூக்கினால் வயிறு தெரிந்தது. இந்தத் துணி பாழாய்ப் போனால் வருடம் முழுக்க அந்தப் பழையதோடுதான் வரவேண்டும்.

சிவராணி தனக்குத் தெரிந்த கொலரில் தொடங்கினாள். ஞாபகத்திலிருந்து வரைந்தாள், வெட்டினாள், தைத்தாள். கூர் மடிப்புகளோடு கடையில் வாங்கியதைப் போல வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கை தட்டல்தான் அவளைக் கெடுத்தது. கொலர் சரி என்ற நம்பிக்கையில், அதன் அளவுக்கே உடம்புத் துணியில் கழுத்தையும் வெட்டிவிட்டாள். அவளுடைய கைக்குப் பழகிய கழுத்தோ, கப்பலேறிப் போகும் சேட்டுகளைப் போடுகிற வெளிநாட்டு ஆம்பிளைகளின் கழுத்து. சேட்டை முடித்துப் போட்டுப் பார்த்தபோது, ரொபின்சனின் கழுத்தோடு இன்னொரு கழுத்தும் உள்ளே போகலாம் போல இருந்தது. தோள் இரண்டும் வழிந்து விழுந்தன. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ரொபின்சன் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்தநாள் காலையில் அவனுடைய தாய் றஞ்சிதம் அந்தச் சேட்டோடு வகுப்பு வாசலில் நின்றாள். வயல் வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தாள்.

"இதென்ன ரீச்சர், என்ர பிள்ளைக்குத் தைச்சதோ, கோயில்ல நிக்கிற பெரிய சுரூபத்துக்குத் தைச்சதோ?"

சாட்டுச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அளவு நாடா பிழை, மெசின் புதுசு, துணி வழுக்குகிறது. சிவராணி மகளைப் பார்த்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இனியும் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"எனக்கு முழுச் சேட் தைக்கத் தெரியாதக்கா. கார்மென்ற்ஸில கொலர் மட்டுந்தான் தைச்சனான். துணி வெட்டினது இதுதான் முதல் தரம்."

"அப்ப ஏன் என்ர பிள்ளையின்ர துணியில கை வைச்சனீங்கள்?"

"பிழைதான். திருத்தித் தாறன்."

றஞ்சிதம் சேட்டை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.  எப்படித் திருத்துவது என்று சிவராணிக்குத் தெரியாது. அவமானத்தில் காது இரண்டும் சுட்டன. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் நினைத்தாள்.

கிருஷாந்தி எழும்பினாள். அவளுடைய கண்கள் கலங்கித்தான் இருந்தன.

"ரீச்சர், இவன்ர பழைய சேட்டைப் பிரிச்சுப் பாப்பமா? என்னென்ன துண்டு இருக்கெண்டு தெரியும்தானே."

அடுத்தநாள் ரொபின்சன் வீட்டுச் சட்டையோடு வந்தான். பழைய சேட்டை ஆளுக்கொரு தையலாகப் பிரித்தார்கள். துண்டுகளைப் பத்திரிகைத் தாளில் வைத்து, வாடைக்காற்று தூக்காமல் சாப்பாட்டுப் பெட்டிகளைப் பாரம் வைத்து, சுற்றிவர இரண்டு விரல் தள்ளிக் கோடு போட்டார்கள். தோளுக்குக் குறுக்கே தனியாக ஒரு துண்டு இருப்பதைச் சிவராணியும் அன்றைக்குத்தான் கண்டாள். பிள்ளைகளோடு பிள்ளையாகக் குனிந்து பார்த்தாள். புதுச் சேட்டின் மேற்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத் துணியில் அந்தத் தோள்துண்டை எடுக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். துணி மட்டுமட்டாகப் போதும். கொலரைச் சிறிதாக்குவது சிவராணியின் பாடு. பிரித்தார்கள், தைத்தார்கள், கோணலாகப் போனதை மறுபடி பிரித்தார்கள். கடைசியில் ரொபின்சன் அதைப் போட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். வயிறு தெரியவில்லை.

அடுத்த கிழமை றஞ்சிதம் திரும்பி வந்தாள். பாராட்ட வந்தவளின் முகம் அல்ல அது. கையில் இளைய மகளின் சீருடைத் துணி இருந்தது.

"இதையும் வெட்டித் தாங்கோ ரீச்சர். கவுண் தைக்கவேணும்."

சிவராணி கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்தவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, அதை ரொபின்சனிடம் நீட்டினாள்.

"நான் பக்கத்தில நிப்பன். தங்கச்சியின்ர பழைய கவுணைப் பிரிச்சுப் பாத்திட்டு, நீ வெட்டு."

றஞ்சிதத்தின் கை துணியை இறுக்கிப் பிடித்தது. மகனைப் பார்த்தாள், அவன் போட்டிருந்த சேட்டின் தோளைப் பார்த்தாள். பிறகு துணியை மேசையில் விரித்து, சுருக்கத்தைத் தானே கையால் நீவிவிட்டாள்.

"பாத்து வெட்டடா."