பெற்றீசியாவின் எரிவாயுத் தொட்டி

என் தங்கை பெற்றீசியா திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாடு வளர்க்கிறாள். கொழுந்து பறிப்பதை விட்டுத் தொழுவம் போட்டவள். இப்போது ஐந்து கறவை மாடுகள். சாணத்தைக் கரைத்து மூடிய தொட்டியில் விட்டால், காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயுவாக்கும். வெளிவரும் கழிவிலும் நாற்றம் இருக்காது. இதை ஹட்டனில் நடந்த பயிற்சியில் கற்றுவந்து, தானே கூட நின்று அந்தத் தொட்டியைக் கட்டுவித்தாள்.

டிசம்பரில் அடுப்புச் சுடர் சிறுத்தது. சாணம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டிப் போட்டாள். அதையும் விடியற்காலையில், கை விறைக்கும் மலையூற்றுப் பீலித் தண்ணீரில் கரைத்து ஊற்றினாள். ஜனவரியில் சுடர் அணைந்தே போனது. செரிக்காத கழிவு புளித்த நாற்றத்தோடு ஓடையில் இறங்கியது. கீழ் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் குளிப்பது அந்த ஓடையில்தான்.

கீழ் லயத்துத் தலைவர் பொன்னையா நேரே தொழுவத்துக்கு வந்தார்.

"ஏம்மா, குளிச்சிட்டு வந்தா மாடு எங்கள சொந்தக்காரன்னு நெனைச்சு நக்குது. மாசி முடியறதுக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி தொழுவத்தப் பிரிச்சிருவோம்."

"தொட்டிக்குக் குளிருது மாமா, அவ்வளவுதான்."

"சாணிக்குக் குளிருதாமா! கம்பளி போத்தி விடு. இல்லன்னா கொதிதண்ணிய ஊத்து."

"ஊத்துனா உள்ள இருக்கிறது வெந்து செத்துரும். கம்பளி சரிதான் மாமா."

அவர் கிண்டலாகச் சொன்னதை அவள் உண்மையாகவே செய்தாள். குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும் என்று பயிற்சியில் சொன்னது, 'குளிருது' என்று அவரிடம் வாய்விட்டுச் சொன்னபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"பசியில்லாமச் சுருண்டு கெடக்கிறதுக்கு ஊட்டிக்கிட்டே இருந்திருக்கேன் அண்ணே," என்றாள்.

அன்றே ஓடைக்குப் போன வழியை அடைத்துக் கழிவைத் தனிக்குழியில் விட்டாள். சாணம் போடுவதை நிறுத்தினாள். தொட்டியைச் சுற்றி மானாப்புல்லைக் கனமாக அடைத்துக் கட்டினோம். மரக்கறித் தோட்டத்தில் கழித்துப்போட்ட பொலித்தீனை மேலே இழுத்து மூடினோம். வெயிலை மறைத்த கிளைகளை நான் வெட்டினேன். புளிப்பு நாற்றம் தணிந்த பிறகு, கறுப்புப் பீப்பாயில் வெயில் காய்ந்த தண்ணீரில் கொஞ்சமாகச் சாணம் கரைத்து, நடுப்பகலில் மட்டும் ஊற்றினாள். அளவை மெல்ல மெல்லத்தான் கூட்டினாள்.

மாசி முடியுமுன் ஒருநாள் அடுப்பில் நீலச் சுடர் சீறிக்கொண்டு எழுந்தது.

"அண்ணே, முழிச்சிருச்சு!" என்று அவள் கத்தியது மேல் லயம் வரை கேட்டிருக்கும்.

தொட்டியிலிருந்து வந்த கழிவை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு பொன்னையாவிடம் போனாள். அவர் தயங்கிக் குனிந்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"மண்ணு வாசந்தான் அடிக்குது. சரி, தொழுவம் இருக்கட்டும். ஆனா இதை ஓடையில மட்டும் விட்டுறாத."

"இன்னும் என்ன மாமா கொறை?"

"கொறையா? எங்க லீக்ஸ் பாத்திக்கு உரமா வேணும்மா!"

அன்று மாலை கீழ் லயத்தார் வாளிகளோடு எங்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். பெற்றீசியா தொழுவத்தில், ஆறாவது மாட்டுக்கு இடம் அளந்துகொண்டிருந்தாள்.